கிள்ளிய காம்பு

வேலாமணியிடம் யாரும் "இப்போ தேவலை" என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் யாருக்காவது வாந்தி, வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டால் அன்றைக்குப் போய்ப் பார்க்க மாட்டாள். அன்றைக்குத்தான் எல்லாரும் போவார்களே. ஆள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, சிரித்துப் பேசி, வேலைக்கும் போய்வந்த பிறகு, மறுநாள் காலையில் வாசலில் வந்து நிற்பாள். "வெளிச்சத்துக்கு வா" என்பாள். முகத்தைப் பிடித்துக் கீழ் இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பார்ப்பாள். அது வெள்ளையாகவே இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவாள்.

"பழைய பரோட்டா தின்னு வயித்தால போனதுக்கு இந்தம்மா கண்ணத் தோண்டுது" என்று இளவட்டங்கள் கேலி பேசும். வேலாமணி காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவள் காதில் வேறு ஒரு பேச்சு இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் பக்கத்து வரிசையில் நின்று ஆண்டாயி சொன்னது. "நல்லாயிட்டேன் புள்ள. வயித்தக் கழுவிக் கவுத்தாப்ல இருக்கு." சொல்லிவிட்டு அன்றைக்குப் பதினான்கு கிலோ கொழுந்து எடுத்தாள். மறுநாள் அவள் கண் மஞ்சள் பூத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனாள்.

பந்தலூரிலிருந்து ஜீப் பாதையில் ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அந்த எஸ்டேட். வேலாமணி இரண்டு வயதில் பெற்றோரோடு இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். பதினாறு வயதிலிருந்து கொழுந்து கிள்ளுகிறாள். இப்போது ஐம்பத்திரண்டு. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன்; தீபாவளிக்கு வருவார், பொங்கலுக்கு வருவார். அடுத்த வீடு ஆண்டாயியுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கினால் இந்தப் பக்கம் கேட்கும்.

ஆண்டாயி செத்த பிறகும் கேட்டது. மழைக்காலத்தில், கொழுந்தை எடை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவும் நாலு மணிக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் பலகையில் கத்தி விழுகிற சத்தம். டக், டக், டக். வேலாமணி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தாள். கதவு பூட்டிக் கிடந்தது. ஆண்டாயியின் புருஷன் பரமசிவன் அப்போது மருந்தடிக்கிற வேலையில் மேல்காட்டில் இருந்தார். மூன்றாம் முறை எழுந்து போகவில்லை. சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

நடந்தது இதுதான். ஜூன் மாதம், இரண்டு நாள் இடியும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு. இரண்டு பேரும் காளான் எடுக்கப் போனார்கள். ஆண்டாயி கீழே ஓடைப் பக்கம், பலா மரத்தடிக் கறையான் புற்றுக்குப் போனாள். வேலாமணி மேலே தைலமரங்கள் நிற்கும் கற்பூரக் காட்டு ஓரம் இருக்கும் புற்றுக்குப் போனாள். ஆண்டாயி காளானை வேரோடு பிடுங்குவாள். அதற்காக லயமே அவளைக் கிண்டல் செய்யும். "மண்ண அள்ளிட்டு வர்றியே, கொழம்பு வைக்கப் போறியா, செவுரு பூசப் போறியா?" என்பார்கள். வேலாமணி அப்படியல்ல. பதினாறு வயதிலிருந்து அதே கைதான். கொழுந்தில் எப்படி இலையும் மொட்டுமாகக் கிள்ளுவாளோ அப்படியே காளானையும் மண்ணுக்கு மேலே நகத்தால் கிள்ளி எடுப்பாள். ஒரு பொட்டு மண் ஒட்டாது. "வேலாமணி பறிச்சா கழுவவே வேணாம்" என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

வேலாமணியின் படங்கை விரித்து, அதுதான் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குத்துணி, இரண்டு பேர் காளானையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எப்போதும் அப்படித்தான். குழம்பில் மஞ்சள் துண்டும் நாலு அரிசியும் போட்டுப் பார்த்தார்கள். அரிசி கறுக்கவில்லை. கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் நல்லது என்று இலங்கையிலிருந்து வந்த எல்லாருக்கும் தெரியும். அது பொய் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது.

பரமசிவன் காளான் தின்னமாட்டார். மகள் சரிதாவுக்கு அப்போது ஒன்பது வயது, கூடலூரில் ஹாஸ்டலில் இருந்தாள். ஆண்டாயி தன் பங்கை ஒருத்தியாகத் தின்றாள். வேலாமணி தன் பங்கைத் தின்றாள். வேலாமணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டாயிக்குத் திங்கள் விடிகாலையில் ஆரம்பித்தது. பத்து மணி நேரம் கழித்து வந்ததால் காளான் என்று யாருக்கும் தோன்றவில்லை. டிஸ்பென்சரியில் எல்சா நர்ஸ் இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றினாள். புதன்கிழமை காலையில் ஆண்டாயி எழுந்து தலை வாரிக்கொண்டு, "நர்சம்மா, இன்னும் ஒரு நாள் படுத்தா முதுகு கட்டிலோட ஒட்டிக்கும்" என்றாள். எல்சா சிரித்துவிட்டு, உடம்பு தேவலை, வேலை செய்யலாம் என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஈரல் கெட்டுப்போகும்போது நடுவில் ஒரு நாள் அப்படித் தெளிவு வரும். விஷம் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். ஆள் வெளியே சிரித்துக்கொண்டிருப்பாள்.

கண் மஞ்சள் பூத்த பிறகு கூடலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள்; அங்கேதான் காளான் விஷம் என்று சொன்னார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் பெரட்டில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்தக் களத்தில், எல்லார் முன்னாலும் எஸ்டேட் டாக்டர் கேட்டார். "காளான் யார் பறிச்சது?"

வேலாமணி சொன்னாள். "அவ ஓடைப் பக்கம் பறிச்சா. நான் பறிச்சத நானும் தின்னேன். எனக்கு ஒன்னும் ஆகலையே."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. கலந்து பங்கு போட்டதை மட்டும் அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து லயத்தில் கதை முடிவாகிவிட்டது: ஆண்டாயி எதையோ பிடுங்கித் தின்று செத்தாள். பரமசிவன் துக்கத்தில் அதையே வசவாக்கிக்கொண்டார். "கண்டதையும் புடுங்கித் தின்னு போய்ச் சேந்தா. புள்ளைய நெனச்சாளா?" என்பார். ஆண்டாயியின் போட்டோவைச் சுவரில் மாட்டவே இல்லை. டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. சரிதா லீவில் வரும்போதெல்லாம் அந்த வசவைக் கேட்டே வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் யாராவது வாயைத் திறந்து அள்ளித் தின்றாலும், "காளான் வீட்டுப் புள்ள" என்று இவளைத்தான் சொன்னார்கள்.

வேலாமணி சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். அது என் கை பறித்ததா, அவள் கை பறித்ததா என்ற ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். அவளுடையது என்று தெரிந்தால் தூங்கலாம்.

காளான் முளைத்த இடத்திலேயே மறுபடி முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஜூனிலும், முதல் இடி முழங்கிய இரண்டாம் நாள், ஓடைப் பக்கம் பலா மரத்தடிக்குப் போவாள். பறிப்பாள், புரட்டுவாள், முகர்வாள், தூக்கி எறிவாள். பிறகு அவள் காளானைத் தின்றதே இல்லை. எட்டு வருஷம் போனாள். எட்டு வருஷமும் அங்கே நல்ல காளான்தான் முளைத்தது. 'இந்த வருஷம் விஷம் வரலை' என்று நினைத்துக்கொள்வாள்.

ஒன்பதாம் வருஷம் எல்சா ரிட்டையர் ஆகி, பந்தலூர் பஜாருக்குப் பின்னால் சர்ச்சை ஒட்டி ஒரு வீட்டில் குடியேறினாள். ரிட்டையர் ஆவதற்கு முன் சுகாதாரப் பணியாளர்களுக்கு நடந்த ஒரு முகாமில் காளான் பற்றி இரண்டு மணி நேரம் பாடம் நடத்தியிருந்தார்கள். எல்சா அதை நோட்டில் வரி விடாமல் எழுதி வைத்திருந்தாள்.

வேலாமணி அதைக் கேள்விப்பட்டு, ஒரு கவரில் ஓடைப் பக்கத்துக் காளான்களோடு போய் நின்றாள்.

"தெரிஞ்சுகிட்டு என்ன பண்ணப்போறே? இனிமே தின்னவா?" என்றாள் எல்சா.

"தின்ன மாட்டேங்க்கா. எது அவள எடுத்துச்சுன்னு பாக்கணும்."

எல்சா கவரைத் திறந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "தலைய மட்டும் வெட்டிக் கொண்டாந்து ஆள் யாருன்னு கேட்டா எப்படி? கால் எங்க?"

"கால் எதுக்கு? கிள்ளித்தானே எடுப்போம்."

"அதான் நோட்டுல மொத வரி. கிள்ளாதே, தோண்டு. விஷத்துக்கு அடையாளம் மண்ணுக்குள்ள இருக்கும். நீ சுத்தமா எடுக்கிறேன்னு அடையாளத்த அங்கயே விட்டுட்டு வர்றே."

மறுநாள் வேலாமணி செடி நறுக்கும் கவாத்துக் கத்தியோடு ஓடைப் பக்கம் போனாள். ஒரு காளானைச் சுற்றி மண்ணைத் தோண்டினாள். காம்பு மண்ணுக்குக் கீழே முடியவில்லை. மெலிந்து மெலிந்து, எலிவால் மாதிரி, ஒரு முழம் உள்ளே கறையான் கூடு வரைக்கும் போயிற்று. இத்தனை வருஷம் காளான் பறித்தவள் அதைத் தன் கையில் பார்ப்பது அதுதான் முதல்முறை.

வேறு ஒருத்தி கையில் பார்த்திருக்கிறாள். குப்பையில் பார்த்திருக்கிறாள். ஆண்டாயி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் அடுப்படியைக் கழுவப் போனது வேலாமணிதான். கொல்லைப்பக்கம் குப்பையில் நறுக்கிப் போட்ட வால்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. மெலிந்து, நீண்டு, மண்ணோடு. ஆண்டாயி தான் பிடுங்கிய அத்தனையிலும் பங்கு போடுமுன் நறுக்கிப் போட்டவை. ஒவ்வொன்றிலும் வால் இருந்தது. அன்றைக்கு அதைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வந்தவள், இப்போது ஓடைக்கரையில் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாலைக் கையில் பிடித்தபடியே எல்சா வீட்டுக்கு நடந்து போனாள்.

"புத்துக்காளான்" என்றாள் எல்சா. "வால் இருந்தா அதுதான். நல்லது."

"அவ பறிச்சது எல்லாத்துலயும் வால் இருந்துச்சுக்கா. நான் பாத்தேன்."

எல்சா அந்த வாலை அவள் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள். பிறகு, "நீ பறிச்சதுல?" என்றாள்.

"நான் கிள்ளிட்டேனே."

"எட்டு வருஷமா அவ இடத்துலயே போய் நோட்டம் விட்டிருக்கே. உன் இடத்துக்கு ஒரு தடவையாவது போனியா?"

"அங்க ஆனை நடமாட்டம்."

"ஓடைக்கு மட்டும் ஆனை வராதாக்கும்" என்றாள் எல்சா. எல்சா எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். தம்ளரை நீட்டும்போது, "நானும்தான் அந்தப் புத்தகத்த ஒரு தடவைகூடத் திறந்து பாக்கல. தேவலைன்னு எழுதின பக்கத்த" என்றாள்.

அந்த வருஷமே வேலாமணி கற்பூரக் காட்டு ஓரத்துக்குப் போனாள். புற்றைச் சுற்றி எல்லாவற்றையும் தோண்டினாள். எல்லாவற்றிலும் வால். அடுத்த வருஷமும் வால். இரண்டு வருஷமும் திரும்பி வரும்போது பின்னால் யாரோ வேரோடு பிடுங்குகிற சத்தம் கேட்டது. ஈர மண் விடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் கற்பூர மரங்கள் வரிசையாக நின்றன. அவள் அதற்காக ஓடவில்லை. ஓடினால் மழையில் வழுக்கும்.

மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் எல்சாவும் கிடைத்ததையெல்லாம் பேப்பரில் பரப்பிப் பார்த்தார்கள். பழைய குடைத்துணியைக் கிழித்து விரித்து, அதன்மேல் காளான் தலையைக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் துணியில் பொடி விழுந்திருக்கும். புத்துக்காளான் என்றால் வெளிர் சிவப்பு. புல்வெளியில் முளைக்கும் பெரிய குடைக்காளான் ஒன்றுக்குப் பொடி பச்சையாக விழுந்தது. "இது கொல்லாது, ஆனா செத்தா தேவலைன்னு தோண வச்சிடும்" என்றாள் எல்சா. எறும்பு மொய்த்தால் நல்லது, வெள்ளிக்காசு கறுத்தால் கெட்டது என்று வேலாமணி அறிந்த எல்லாவற்றையும் எல்சா ஒவ்வொன்றாக அடித்துப் போட்டாள். "நத்தை தின்னுட்டு சொகமா இருக்கும். நமக்கு நத்தை ஈரலா இருக்கு?"

இந்த வருஷம் ஜூனில் இடி முழங்கிய இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வேலாமணி தன் இடத்துக்குப் போனாள். புற்றைச் சுற்றி ஒன்பது காளான். எட்டு ஒன்றாக நின்றன; ஒருத்தி மட்டும் தள்ளி நிற்பதுபோல, கற்பூர மரத்து வேர்ப்பக்கம் தனியாக ஒன்று. மேலே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளை, கொஞ்சம் சாம்பல், அதே உயரம். கை தன்னால் நீண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பைப் பிடித்து நகம் பதியும்போதுதான் அவள் கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

அந்தக் கைக்கு இடம் ஞாபகம் இருந்தது.

கத்தியை எடுத்து ஒரு சாண் தள்ளித் தோண்டி, மண்கட்டியோடு தூக்கி, விரலால் மண்ணை உதிர்த்தாள். வால் இல்லை. காம்பின் அடி குமிழ் போல் பருத்திருந்தது. அதைச் சுற்றி உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைப் பை. காம்பின் மேலே பாவாடைபோல் ஒரு வளையம்.

எல்சா பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். குடைத்துணியில் மறுநாள் விழுந்த பொடி சுண்ணாம்பு வெள்ளை.

"இது அன்னைக்கு அங்க இருந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது" என்றாள் எல்சா. "பதினோரு வருஷம் ஆச்சு."

"அவ குப்பையில வாலாக் கெடந்துச்சுக்கா."

"யார்கிட்ட சொல்லப்போறே?"

"எங்க சொன்னேனோ அங்கதான்."

செவ்வாய்க்கிழமை காலை பெரட்டில் சூப்பர்வைசர் அருள்ராஜ் பெயர் கூப்பிட்டு முடிப்பதற்குள் வேலாமணி முன்னால் வந்து படங்கைத் தரையில் விரித்தாள். அதன்மேல் இரண்டு காளானை வைத்தாள். ஒன்றில் வால். ஒன்றில் பை.

"என்னம்மா, சந்தை போடுறியா?" என்றார் அருள்ராஜ். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"ஆமாங்க. எல்லாரும் வந்து பாருங்க" என்றாள். அவள் குரல் அப்படி இருந்ததால் சிரிப்பு நின்றது. பரமசிவன் கவாத்துக் கத்தியோடு பின்னால் நின்றார். சரிதா போன வருஷம்தான் படிப்பை விட்டுக் கொழுந்துக்கு வந்திருந்தாள். முன்வரிசையில் கூடையோடு நின்றாள்.

"இந்த வால் உள்ளது நல்லது. ஆண்டாயி பறிச்சது அத்தனையும் இதுதான். அவ வேரோட புடுங்குவா, எல்லாரும் சிரிப்போம். இந்தப் பை உள்ளது விஷம். இது என் எடத்துல முளைக்குது. நான் கிள்ளித்தான் எடுப்பேன், அதனால இது எனக்குத் தெரியல. அன்னைக்கு ரெண்டு பேர் பறிச்சதையும் கலந்துதான் பங்கு போட்டோம். அத நான் இங்க சொல்லல. அவ பேர்ல போட்டேன். அவளக் கொன்னது என் கை."

மழை தூறிக்கொண்டிருந்தது. பரமசிவன் படங்கைப் பார்த்தார். வேலாமணியைப் பார்க்கவில்லை. கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, எந்தக் காட்டுக்கு என்று கேட்காமலே மேல்பாதையில் ஏறிப் போனார்.

சரிதா குனிந்து வால் உள்ள காளானை எடுத்தாள். விரலால் அதன் நீளத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா இவ்வளவு நீளத்துக்கும் அறுபடாமப் புடுங்குவாங்களா அத்தை?"

"புடுங்குவா. அவளுக்கு மட்டும்தான் அது வரும்."

சரிதா அதைக் கூடைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு வேலாமணி இருபத்தி மூன்று கிலோ எடுத்தாள். நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லை. சோறு இறங்கியது. புதன்கிழமையும் சத்தம் இல்லை. சாயங்காலம் பஜாருக்குப் போனவள் எல்சாவைப் பார்த்து, "மனசு லேசாயிடுச்சுக்கா. நல்லாயிட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

எல்சா அவள் கன்னத்தைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "நாலு நாள் ஆகட்டும்" என்றாள்.

பெரட்டில் சொன்னதிலிருந்து வெள்ளிக்கிழமை நாலாம் நாள். வேலாமணி வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. டக். டக். டக்.

கையில் சொம்போடு நின்றாள். இந்த முறை சுவருக்கு முதுகைக் காட்டவில்லை. சத்தம் பலமானது. சுண்ணாம்பு உதிர்ந்து அவள் பாத்திரங்களின்மேல் விழுந்தது. பிறகு, அவள் கண் மட்டத்தில், சுவரைப் பிளந்துகொண்டு ஓர் ஆணியின் முனை அவள் பக்கம் வெளியே வந்தது. அத்தோடு சத்தம் நின்றது.

வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்துக் கதவு திறந்திருந்தது. பரமசிவன் ஸ்டூலின்மேல் நின்று ஆண்டாயியின் போட்டோவை அந்த ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். சரிதா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எடதுபக்கம் சரியுது" என்றாள். அவர் நேராக்கினார். வேலாமணி நிற்பது அவருக்குத் தெரிந்தது. அவர் திரும்பவில்லை. இன்றுவரை அவளிடம் பேசவும் இல்லை.

வேலாமணி உள்ளே வந்து சுண்ணாம்புத் தூளைக் கூட்டி அள்ளினாள். பாத்திரங்களைத் திரும்பக் கழுவினாள். ஆணி முனை அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் மடங்கிவிடும். அவள் தட்டவில்லை. அடுப்படியில் குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் தலையை அந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்கிறாள்.